உலக முடிவுக்கு ஒரு வேன்

மருமோனே, வேன் பேசியாச்சாம், ஆள்கணக்கும் முடிஞ்சுதாம். பதினாலு பேர், அதில மூணு கிழடு, அஞ்சு குஞ்சு குருமான். போற இடம் ஹோட்டன் சமவெளி. "லேசான நடைதான் மாமா, குடும்பத்தோட போகலாம், காட்சி அருமையா இருக்கும்"னு உன் பொண்டாட்டி வந்து சொல்லிட்டுப் போனாள். நடைன்னு சொன்னதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. நம்ம உடப்புல கோயிலடியிலிருந்து கடற்கரை வாடிக்கு வர த்ரீவீல் பிடிக்கிற ஆள் நீ. ஆடியில திரௌபதை அம்மன் தீக்குழியில இறங்குற காலும் இதே கால்தான்னு சொன்னா வெளியூர்க்காரன் நம்புவானா? நெருப்பில நடக்கிறதுக்கு வர்ற வேகம் ரோட்டில நடக்கிறதுக்கு வரமாட்டேங்குது, என்ன பண்றது.

போகாதேன்னு சொல்ல வரல. இடத்தை நல்லாத்தான் பிடிச்சிருக்க. பக்கத்திலேயே வில்பத்து இருக்கே, அங்க போனா டீசலாவது மிஞ்சுமேன்னு உன் அப்பன் கேட்டிருப்பான். வில்பத்து 1938இலேயே தேசியப் பூங்கா ஆன காடு, யாரு இல்லேன்னா? ஆனா அங்க ஜீப்புக்குள்ள குந்திக்கிட்டுத்தான் பார்க்கணும். கண்ட இடத்தில இறங்கினா கரடியும் சிறுத்தையும் உன்னைப் பார்க்கும், டிக்கெட் இல்லாம. அந்தக் காட்டுக்குள்ள கடலோரத்தில குதிரைமலை முனைன்னு ஒண்ணு இருக்கு. அல்லி ராணி அங்க கோட்டை கட்டி ஆண்டாள்னு கதை. அர்ச்சுனன் கட்டின அல்லிதான். அப்ப நம்ம அம்மனுக்குச் சக்களத்தி முறையாகுது. தீமிதிப்புக்கு விரதம் பிடிக்கிறவன் அந்தப் பக்கம் போய்வந்ததை ஊருக்குள்ள சத்தமாச் சொல்லாம இருக்கிறது நல்லது.

காலால நடந்து பார்க்க விடுற தேசியப் பூங்கான்னா நம்ம நாட்டில முதல்ல வாயில வர்றது ஹோட்டன் சமவெளிதான். சிங்களத்தில மகா எலிய. 1830களில ஆண்ட வில்மட் ஹோட்டன் என்ற தேசாதிபதி பேரை வெள்ளைக்காரன் அதுக்கு வச்சான். 1969இல சரணாலயம், 1988இல தேசியப் பூங்கா, 2010இல யுனெஸ்கோக்காரன் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைன்னு எழுதினப்ப இதையும் சேர்த்துக்கிட்டான். மலைநாடு பூராவும் தேயிலை ஏறினப்ப இது எப்படித் தப்பிச்சுதுன்னு கேப்ப. ஹூக்கர் என்ற தாவரவியல்காரன் 1873இல புத்தி சொன்னான், ஐயாயிரம் அடிக்கு மேல காட்டில கை வைக்காதேன்னு. வெள்ளைக்காரனும் அதைக் கேட்டான். நான் இத்தனை வருசமா உனக்குச் சொல்ற புத்தி எந்தக் கணக்கில சேருதுன்னு தெரியல.

சரி, விஷயத்துக்கு வாறேன். போற பாதை ஒரே வட்டம். போய் வர ஒன்பது, ஒன்பதரைக் கிலோமீட்டர். மலை ஏறுற வேலை கிடையாது, புல்வெளியும் காடும் மாறி மாறி வரும், அதனால லேசுன்னு சொல்றவன் பொய் சொல்லல. ஆனா நம்ம வாசல்ல கடல் மட்டம், அங்க ஏழாயிரம் அடி. மூச்சு வாங்கும். வழியில கல்லு, வேரு, செஞ்சேறு. பாட்டா செருப்போட வந்தா செருப்பு ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமும் போவீங்க. தை மாசி விடியக்காலையில புல்லுமேல உறைபனி வெள்ளையாக் கிடக்கும். கடல்காத்துக்கு ஒரு சாரத்தோட நிக்கிற ஆம்பிளைங்க எல்லாம் அங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பார்க்கவே ஒருதடவை போகலாம்.

மாசமும் பார்த்துத்தான் போகணும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் வானம் தெளிவா இருக்கும். ஆடித் திருவிழா முடிஞ்ச கையோட ஆகஸ்ட் லீவில போகலாம்னு பிள்ளைகள் சொல்லும். அது தென்மேற்குப் பருவம். கச்சான் அடிக்கிற காலத்தில இங்க கடலே கலங்கிக் கிடக்கு, அங்க மலை மட்டும் உனக்காகத் தெளிஞ்சு நிக்குமா?

நேரம் அதைவிட முக்கியம். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும், அப்பவே உள்ள போயிடணும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழ்ச்சீமைச் சூட்டுக்காத்து மலைச்சுவரைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறும். ஏறுற காத்து குளிர்ந்து முகிலாகி முன்னால திரை கட்டிடும். பிறகு நீ உலக முடிவுன்னு சொல்ற அந்தப் பள்ளத்து விளிம்பில நின்னாலும் ஒண்ணுதான், வெள்ளை வேட்டிக்கு முன்னால நின்னாலும் ஒண்ணுதான். ராத்திரியே உடப்பை விட்டு இறங்கி, சிலாபம், குருநாகல், கண்டி, நுவரெலியான்னு போகணும். நுவரெலியாவிலிருந்தே ஒரு மணித்தியாலம் பிடிக்கும். வழியில அம்பேவெல பால் பண்ணை இருக்கு. பிள்ளைகள் மாட்டைக் கண்டதும் "நிப்பாட்டு நிப்பாட்டு"ன்னு கத்தும். நிப்பாட்டாதே. மாடு திரும்பி வரும்போதும் அங்கேயேதான் நிக்கும், முகில் உனக்காகக் காத்திருக்காது.

வாசல்ல வனசீவராசிகள் திணைக்களத்து ஆட்கள் பையைத் திறந்து காட்டச் சொல்வாங்க. பொலித்தீன் உள்ள போகக்கூடாது. பிஸ்கட்டைப் பிரிச்சுக் கடதாசியில போடச் சொல்வாங்க, தண்ணிப் போத்தலைச் சுத்தியிருக்கிற லேபிளைக்கூட கிழிச்சு எடுப்பாங்க. உன் மாமியார் லஞ்ச் ஷீட்டில சுத்தி, சொப்பிங் பேக்கில போட்டு, அதை இன்னொரு சொப்பிங் பேக்கில முடிஞ்சு வச்சிருக்கிற சோத்துப் பார்சலை அவங்க முன்னால அவிழ்க்கிற காட்சி உள்ள இருக்கிற பேக்கர் நீர்வீழ்ச்சியைவிடப் பெரிசா இருக்கும். வீட்டிலேயே வாழையிலையில கட்டச் சொல்லு, பொரிச்ச நெத்தலியை எவர்சில்வர் டப்பாவில போடு. காரணம் இல்லாம அவங்க அப்படிக் கெடுபிடி பண்ணல. வேன் நிக்கிற இடத்துக்கு மரை பயமில்லாம வரும். ஆள் கையில இருக்கிற பையை மோந்து பார்க்கிற அளவுக்குப் பழகிப்போச்சு. பொலித்தீனைத் தின்னு வயிறு அடைச்சுச் செத்த மரை உண்டு. உன் சின்னவள் மரைக்குப் பணிஸ் நீட்டினா கையைப் பிடிச்சுக்கோ. பயிலாப் பாட்டுப் பெட்டியையும் வேனுக்குள்ளேயே விட்டிடு, காட்டுக்குள்ள சத்தம் வேண்டாம்.

உள்ள இறங்கினதும் ஆம்பிளைங்க எல்லாம் பந்தயம் மாதிரி முன்னால போவீங்க, பொம்பிளைங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வருவாங்க. உங்க குடும்பப் பழக்கம் எனக்குத் தெரியாததா? இங்க அதை மாத்து. சின்னவளை முன்னால விடு. அவள் நடக்கிற வேகம்தான் எல்லாருக்கும் வேகம். அவள் குந்துற இடத்தில எல்லாரும் குந்தணும். அவள் குந்தினா ஓடைக்கரைக் குட்டை மூங்கிலைப் பார்ப்பாள், காத்தில குடை மாதிரிப் படிஞ்சு நிக்கிற கீன மரத்தைப் பார்ப்பாள், கிளையில தாடி தொங்குற பாசியைத் தொட்டுப் பார்ப்பாள். நீ போனைப் பார்ப்ப, சிக்னல் இல்லேன்னு.

முதல்ல சின்ன உலக முடிவு வரும். அங்கேயே மூணு கிழடும் "இதுதானா, பார்த்தாச்சு, போவோம்"னு சொல்லும். விடாதே, பெரிசு இன்னும் கொஞ்சம் தூரந்தான். பெரிய உலக முடிவு எண்ணூத்தெழுபது மீட்டர் நேர்ப்பள்ளம். நம்ம ஊர்த் தென்னையை ஒண்ணுமேல ஒண்ணா நாப்பது நட்டாலும் மேல எட்டுமோ என்னவோ. இங்க ஒண்ணு சொல்றேன், சிரிக்காமக் கேளு. கரைவலை இழுத்து வளர்ந்த பரம்பரை நாங்க. அம்பா பாடிக்கிட்டுப் பின்னோக்கியே நடந்து பழகின கால். படம் எடுக்கிறேன்னு அந்தக் காலை அங்க காட்டாதே. 2015இல தேன்நிலவுக்கு வந்த நெதர்லாந்து மாப்பிள்ளை ஒருத்தன், பெண்சாதியைப் படம் எடுக்க ஒரு அடி பின்னால வச்சு அப்படியே கீழ போனான். நூறு அடிக்கும் கீழ ஒரு மரத்தில தங்கினதால பிழைச்சான், ராணுவக்காரங்க இறங்கித் தூக்கினாங்க. அவனுக்கு மரம் இருந்துது. உன் எடைக்கு எந்த மரம் தாங்கும்?

வானம் தெளிஞ்சா அங்கிருந்து தெற்குக் கடல் தெரியும். எல்லாரும் "கடல், கடல்"னு கூவுவீங்க. வாசல்ல கிடக்கிற கடலுக்கு முதுகைக் காட்டி, ராத்திரி முழுக்க வேன்ல குலுங்கி, குளிர்ல விறைச்சு, தூரத்தில ஒரு கோடு தெரியுதுன்னு கூவுறதுக்கு உடப்பானால மட்டுந்தான் முடியும். கடலைப் பார்த்துட்டுக் கீழயும் ஒருதரம் குனிஞ்சு பாரு. தேயிலைத் தோட்டம் தெரியும், நொன்பரேல்னு பேரு. அங்க கூடையைத் தலையில மாட்டிக்கிட்டு நம்ம பாஷை பேசுற பொம்பிளைங்க தினமும் அந்தச் சரிவை ஏறி இறங்குறாங்க. அதுக்கு யாரும் டிக்கெட் வாங்குறதில்ல, காட்சி அருமைன்னும் சொல்றதில்ல.

திரும்பி வர்ற வழியில பேக்கர் நீர்வீழ்ச்சி. உயரம் இருபது மீட்டர்தான், ஆனா இறங்குற படி வழுக்கும், முழங்கால் சரியில்லாதவங்க மேலேயே நிக்கட்டும். குளிக்க விடமாட்டாங்க, சாரத்தை மடிச்சுக் கட்டாதே. பெலிஹுல் ஓயா அது. கீழ போய் வளவை கங்கையில சேரும். மகாவலி, களனி கங்கைகளுக்கும் தண்ணி இந்த மலைப்பக்கமிருந்துதான் போகுதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லு, பள்ளிக்கூடத்தில எழுத உதவும். பேக்கர் யாருன்னு கேட்டா, நாயை விட்டு மரை வேட்டையாடின வெள்ளைக்காரன்னு சொல்லு. அவன் பேரு அருவியில நிக்குது, மரை வேன் நிக்கிற இடத்தில நிக்குது, நாய் மட்டும் போயிட்டுது.

வேன் கூலியைப் பதினாலாப் பங்கு போட்டது போட்டபடியே இருக்கட்டும். பதினஞ்சாவது ஆள் காசு தரமாட்டான், முன் சீட்டில இருப்பான். வழி தெரிஞ்சவன் ஒருத்தன் வேணுமே. கம்பளித் தொப்பியைத் தேடியெடுத்துக் காலையிலேயே வெயில்ல போட்டாச்சு. என் வீட்டுக்காரியிட்ட மூச்சு விடாதே, அவளும் கிளம்பிடுவாள்.