வேட்டி முனையும் ஒரு கோடி விண்மீனும்

ழான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார்தான் என்னைக் கெடுத்தவர். 1689 டிசம்பரில் பாண்டிச்சேரியில் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர், ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, ஒட்டி நிற்கும் இரண்டு என்று கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே மொகலாயர் படை செஞ்சியை வளைத்தது. 1698 வரை விடவில்லை. அந்தக் கலவர காலத்தில் அவரால் முடிந்தது, புது பைனாகுலர் வாங்கிய எனக்கு முடியாதா?

மே மாதம், அதே செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் மலையடிவாரம். மேலே குடைவரையில் ரங்கநாதர் சயனத்தில் இருக்க, கீழே கோரைப்பாயில் நானும் மல்லாந்தேன். அக்கா மகளும் போனோடு வந்திருந்தாள்.

“அந்தச் சிவப்புதான் கேட்டை. 550 ஒளியாண்டு தூரம்” என்று விரலை நீட்டினேன்.

“மாமா, அது செல்போன் டவர் லைட்டு.”

சரி என்று தெற்கே திரும்பினேன். பைனாகுலரில் ஏதோ மசமசப்பு. வேட்டி முனையால் துடைத்தேன், போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். அழுக்கு அங்கேயே இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அது ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் உருண்டையாகத் திரண்டு நிற்கும் ஏறக்குறைய 1 கோடி விண்மீன்கள். நம் சூரியனைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வயதானவை. எச்சிலுக்கா அசையும்?

ஆல்ஃபா சென்டாரி நம் பக்கத்தில் உயர எழும்பாது. கையை நீட்டிச் சாண் பிடித்தால் தொடுவானத்திலிருந்து ஒரு சாண்கூட வராது. செஞ்சி ஊர் வெளிச்சத்துக்கு மேலே அடுத்தடுத்து இரண்டு பளிச்சென்று தெரிந்தன. “பார்த்தியா, ரிஷோ கண்ட இரட்டை! எனக்குப் பைனாகுலர்கூட வேண்டியிருக்கல” என்று துள்ளினேன்.

அவள் போனை வானத்துக்குக் காட்டினாள். ஒன்று ஆல்ஃபா, 4.37 ஒளியாண்டு. மற்றது பீட்டா, அது கிடக்கிறது 400 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். ஒன்றுக்கொன்று உறவே இல்லை. ரிஷோ பிரித்த ஜோடி ஆல்ஃபாவுக்குள்ளேயே இருக்கிறது, சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு. கையில் பிடித்தாலே நடுங்கும் என் பைனாகுலருக்கு அது பிரியாது. கூடவே பிராக்சிமா என்று மூன்றாவது ஒன்று, 4.24 ஒளியாண்டில். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் அதுதான். ஆனாலும் 1915இல்தான் அகப்பட்டது. வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

“அதையும் பார்த்துட்டேன்னு யார்கிட்டயாவது சொல்லி வைக்காதீங்க மாமா” என்றாள்.

அதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாகிவிட்டது: ‘சிங்கவரத்தில் மூன்றும் தெரிகிறது. மூன்றாவது சற்றே மங்கல்.’