விதைநெல்லை வாரியவர்

கேள்வி: கடவுளை நம்புகிறவருக்குத் தாராள குணமும் மன்னிக்கும் மனசும் தானாக வரும் என்கிறார்களே? எங்கள் வீட்டுக்காரர் பிரதோஷம் தவறாதவர். வாடகை ஏற்றவும் தவறாதவர்!
- வாசகர், கும்பகோணம்

பதில்: கும்பிடுவது வேறு, நம்புவது வேறு. ‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று அடுத்தவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, நம் வீட்டுக்கு மட்டும் போர்வெல் போடுகிறவர்கள்தானே நாம்?

பெரியபுராணத்து இளையான்குடி மாறனாரைப் பாருங்கள். செல்வமெல்லாம் கரைந்த பிறகு, ஒரு மழை ராத்திரி, பட்டினி கிடக்கும் வீட்டுக்கு அடியார் ஒருவர் வருகிறார். பகலில் விதைத்த நெல்லை இருட்டில் தடவித் தடவிக் கூடையில் வாரி வருகிறார் மாறனார். விறகு இல்லையா? கூரை வரிச்சை அறுத்துப் போடுகிறார். அறுவடைக்கு என்ன செய்வது என்று யோசித்திருந்தால் கதவையே திறந்திருக்க மாட்டார்.

மன்னிப்புக்குத் திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனார். போரில் அவரிடம் தோற்ற முத்தநாதன் அடியார்போல் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து வந்து குத்தினான். வாளை உருவிய காவலன் தத்தனைத் தடுத்து, அவனையே துணையாக்கி முத்தநாதனைப் பத்திரமாக ஊருக்கு வெளியே கொண்டுவிடச் சொன்னார் மன்னர். தத்தன் திரும்பிவந்து சேதி சொல்லும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தார்.

நாளைய சோறு ஆண்டவன் பொறுப்பு என்றால் கை விரியும். தீர்ப்பும் அவன் பொறுப்பு என்றால் பகை விலகும். நாமோ, ‘ஆண்டவன் கேட்பான்’ என்று வழக்கை மேலே அனுப்பிவிட்டு, தண்டனையை மட்டும் கீழேயே நிறைவேற்றிவிடுகிறோம்!