ரிபப்ளிக் சதுக்கத்தின் தரை

பாரீஸில் தெருவில் நின்று வரையும் ஓவியர் என்றதும் எல்லோருக்கும் மோன்மார்த்தர் குன்றின் மேலுள்ள தெர்த்ர் சதுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. நகராட்சி அனுமதியோடு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் இடம். அதையும் இரண்டு ஓவியர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். வந்து உட்காரும் பயணியின் முகத்தை வரைந்து கொடுத்துப் பிழைக்கிற உழைப்பாளிகள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சதுக்கத்துக்குள்ளேயே இருந்தும் அதை நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை.

நான் வரைந்ததெல்லாம் குன்றுக்குக் கீழே, பெரும்பாலும் ரிபப்ளிக் சதுக்கத்தை. சென்னை ஓவியக் கல்லூரியில் எங்களுக்கு ‘அவுட்டோர்’ என்றால் விடியற்காலையில் சென்ட்ரல், பூக்கடைப் பக்கம் போய், வெயில் ஏறி நிழல் சுருங்குவதற்குள் வாட்டர்கலரை முடித்துவிடுவது. அந்த வேகம் இங்கே செல்லுபடியாகவில்லை. குளிர்காலத்தில் பாரீஸ் சூரியன் நடுப்பகலிலும் தாழ்ந்தே இருக்கும். நிழல் நீண்டே கிடக்கும். ஆனால் முதல் வாஷ் காயாது. அடுத்த வண்ணம் ஈரத்தில் இறங்கிப் பரவும், விரல்கள் விறைக்கும். துத்தநாகத் தகடு வேய்ந்த கூரைகளின் சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு உதவாது என்பதை அங்கே நின்றுதான் கற்றேன். அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா கலந்தால்தான் அந்தச் சாம்பலுக்குள் வானமும் தெரியும்.

அப்போது ரிபப்ளிக் சதுக்கம் ஒரு பெரிய ரவுண்டானா. 1883 முதல் நடுவில் நிற்கும் பிரெஞ்சுக் குடியரசின் உருவகமான வெண்கல மரியான் சிலையைச் சுற்றி ஓயாமல் வண்டிகள். மெத்ரோ வாசலை ஒட்டி ஈசலை நிறுத்தினால் சிலையின் தலையும் கூரைகளும்தான் கிடைக்கும். என் அந்தக் காலப் படங்களில் தரை முழுக்க வண்டி. மனிதர்கள் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள்.

கமீல் பிஸாரோவும் விலகி நின்றுதான் பார்த்தார், காரணம் வேறு. கரீபியத் தீவான செயின்ட் தாமஸில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த அவர், திறந்தவெளியில் வரைந்த மூத்தவர்களில் ஒருவர். கண் நோய் வந்து காற்றும் தூசியும் ஆகாமல்போக, 1897-98 குளிர்காலத்தில் ஒரு ஓட்டல் அறை ஜன்னலிலிருந்து தியேட்டர் பிரான்ஸே சதுக்கத்தை மழையிலும் வெயிலிலும் மறுபடி மறுபடி வரைந்தார். அவ்வளவு உயரத்திலிருந்தும் கீழே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நடை இருக்கும். அந்தப் படங்களின் முன் நிற்கும்போதெல்லாம் என் புள்ளிகள் என்னை உறுத்தும்.

2013இல் ரிபப்ளிக் சதுக்கத்தைத் திருத்தி அமைத்தார்கள். வண்டிகள் ஓரத்துக்குப் போயின. நடுத்தரை நடப்பவர்களுக்கு வந்தது. ஸ்கேட்போர்டில் பாயும் பிள்ளைகள், கொடி பிடித்து வருகிறவர்கள், சும்மா உட்கார்ந்திருக்கும் கிழவர்கள். 2015 நவம்பரில் பாரீஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு ஊரே மெழுகுவர்த்தியோடும் பூவோடும் வந்து நின்றது இந்தச் சிலையின் காலடியில்தான். பழைய பாரீஸ் போய்விட்டதே என்று வருந்துகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. வரைகிறவனுக்கு இன்றைய சதுக்கமே பெரிது.

சென்னையிலிருந்து வரும் மாணவர்கள் முதலில் தெர்த்ர் சதுக்கத்தைத்தான் கேட்கிறார்கள். நான் ரிபப்ளிக்குக்கு அழைத்துப்போகிறேன், முடிந்தால் மழை விட்டதும். சிலையையும் வானத்தையும் காகிதம் முழுக்க நிரப்பத்தான் எல்லோருக்கும் கை போகும். கீழே பாதிக்கு மேல் தரைக்கு விடச் சொல்கிறேன். ஆட்கள் அங்கேதான் வரப்போகிறார்கள்.