மாலை விழுந்தால் தெரியும்

1980 மார்ச்சில் அமெரிக்காவின் 'டல்லாஸ்' தொடரில் ஜே.ஆர் என்ற பாத்திரத்தை யாரோ சுட்டார்கள். சுட்டது யாரென்று நவம்பரில்தான் சொன்னார்கள். நடிகர்களுக்கே தெரியக் கூடாதென்று, பலரையும் தனித்தனியே சுடவைத்துப் படம்பிடித்தார்களாம். பாவம், எவ்வளவு தோட்டாச் செலவு!

நம் சீரியல்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ரகசியம் கசிய வேண்டுமானால், முதலில் அது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே! வசனத் தாள் மேக்கப் போடும்போது வரும். அதுவும் வராத நாளில், கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி இயக்குநர் ப்ராம்ப்ட் செய்யச் செய்ய அழ வேண்டியதுதான்.

"சார், நான் நல்லவளா, கெட்டவளா?" என்று மருமகள் கேட்டால், "வியாழக்கிழமை சொல்றேம்மா" என்பார் இயக்குநர். அன்றைக்குத்தான் டிஆர்பி வரும். புள்ளி ஏறினால் கர்ப்பம், இறங்கினால் கோமா. சம்பளம் கூட்டிக் கேட்டால், 'இனி இவருக்குப் பதில் இவர்'. செட்டுக்குள் நுழையும் மாமனார், சுவரில் தன் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீ வாங்குவார். மாலை விழுந்தாலும் பயமில்லை, பிளாஸ்டிக் சர்ஜரி இருக்கிறது.

ஆகவே, கடைத்தெருவில் நடிகையை மடக்கி, "அடுத்து என்னம்மா ஆகும்?" என்று கேட்காதீர்கள். புரோமோ பார்த்த உங்களுக்குத்தான் அவரைவிடக் கூடுதலாகத் தெரியும். முடிந்தால் நீங்கள் சொல்லிவிட்டுப் போங்கள்.