பட்டினிக்காரர்களும் 317 ரன்களும்

கேரள எல்லையில் அமரவிளை சோதனைச்சாவடியை அடுத்து வாழ்கிறவனுக்கு வரியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனாலும் 2023 ஜனவரியில் ஒரு புதுப்பாடம் வந்தது. திருவனந்தபுரம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் இந்தியா–இலங்கை ஒருநாள் போட்டி. மேல்தட்டு டிக்கெட் 1,000 ரூபாய், கீழ்த்தட்டு 2,000, வரிகள் தனி. கேளிக்கை வரி 5 சதவீதத்திலிருந்து 12 ஆகியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போக வேண்டாம் என்றார் அன்றைய கேரள விளையாட்டு அமைச்சர் அப்துரஹிமான். இடதுசாரி அரசின் அமைச்சர்; பசியைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர்தான்.

சனம் சொல் பேச்சு கேட்டது. கோலி ஆட்டமிழக்காமல் 166 அடித்தார், இலங்கை 73-க்குச் சுருண்டது, 317 ரன் வித்தியாசம் அன்றைக்கு உலக சாதனை. அதைப் பெரும்பாலும் பார்த்தவை காலி நாற்காலிகள்.

"பசிக்கிறவன் வரண்டாம், செரி. தின்னவனெல்லாம் எங்கல போனான் மக்கா?" என்று டீக்கடையில் கேட்டார் ஒரு அண்ணாச்சி.

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் வேறு ரகம். 2016 பிப்ரவரியில் 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து, 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேறினார்கள். 2–0 என்று முன்னிலையில் இருந்த அணி 2–2 ஆகிப்போனது. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையை இறக்கினார்கள். அதற்கும் முதலில் டிக்கெட் வாங்கி உள்ளே போயிருக்க வேண்டும். அந்த வசதி நமக்கு இல்லை.