முதல்ல சவலை எடு, மோனை

என்ன மோனை, விடியக் காலமையே ஜன்னலால எட்டிப் பார்த்துக் கத்துறாய்? ஸ்னோ கொட்டுதோ? கொட்டட்டும். ஸ்காபரோவில டிசம்பர் மாசம் ஸ்னோ கொட்டாமல் மாம்பழமோ கொட்டும்?

சரி, வெளியில போகத்தான் போறாய். போ. ஆனால் உந்தக் கோலத்தை ஒருக்காக் கண்ணாடியில பார். மேல ஆயிரம் டொலர் ஜாக்கெட். கழுத்தைச் சுத்தி நரிமயிரோ நாய்மயிரோ ஏதோ ஒண்டு. கீழ? மெல்லிசு ஜீன்ஸ், கலியாண வீட்டுக்குப் போற சப்பாத்து. குளிர் மேலாலதான் வருமெண்டு உனக்கு ஆர் சொன்னது? அது உள்ளங்காலால ஏறும், ராசா. தொப்பி போட்டால் தலைமயிர் குழம்பிப் போமாம். காது விறைச்சு விழுந்தால் மயிர் வடிவாக் கிடந்தென்ன, குழம்பிக் கிடந்தென்ன?

பருத்தி மேஸைக் கழட்டு. நனைஞ்சால் லேசில காயாது. கம்பளி மேஸைப் போடு. ஒரு மொத்தச் சட்டையை விட, ஒண்டுக்கு மேல ஒண்டா மூண்டு மெல்லிய சட்டை நல்லது. இடையில நிக்கிற காத்துத்தான் சூட்டைப் பிடிச்சு வைக்கும். காத்துக்கு ஆரும் விலை கேக்கிறேல்லை. அதாலதான் உனக்கு அதில மதிப்பில்லை.

வெளியில இறங்கினதும் என்ன செய்வாயெண்டு எனக்குத் தெரியாதோ? ரெண்டு கையையும் விரிச்சு, வாயைப் பிளந்து, ஒரு செல்பி. பேந்து ஊருக்கு ஒரு வீடியோ. "மைனஸ் 5 மச்சான், எலும்பெல்லாம் உறையுது!" பருத்தித்துறையில வேர்வை துடைச்சுக்கொண்டிருக்கிறவன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடோணும். அதுக்குத்தானே இந்தப் பாடு?

அமெரிக்காவில, வெர்மான்ட் பக்கம், பென்ட்லி எண்டொரு கமக்காரன் இருந்தவர். 1885இல உருப்பெருக்கியில கமராவைப் பூட்டி ஒரு ஸ்னோத் துகளைப் படம் பிடிச்சார். சாகுமட்டும் 5,000க்கு மேல பிடிச்சவர். மூச்சுப் பட்டால் கரைஞ்சு போமெண்டு மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்தவர். கவனிச்சியோ? அவர் பிடிச்சது ஸ்னோவை. நீ பிடிக்கிறது உன்ர மூஞ்சியை. ஸ்னோ பாவம், பின்னுக்கு நிக்குது. உன்ர கறுத்த ஜாக்கெட் கையில வந்து விழுகிற ஒரு துகளைக் குனிஞ்சு பார். ஆறு கை, ஒவ்வொரு கையிலயும் குட்டிக் குட்டிக் கிளை. பார்க்கப் பார்க்கத் தண்ணியாப் போயிடும். காசும் இல்லை, லைக்கும் இல்லை.

இன்னொண்டு கேள். ஸ்னோ விட்டதும் வானம் வெளிச்சிடும். பளிச்செண்டு வெய்யில் எறிக்கும். "ஆ, சூடு வந்திட்டுது" எண்டு சேட்டோட இறங்குவாய். அங்கதான் மாட்டுப்படப் போறாய்! முகில் மூடிக்கொண்டு கொட்டுற நாளில அவ்வளவு குளிர் இல்லை. நிலத்துச் சூட்டை முகில் லேசில மேல போக விடாது. வானம் வெளிச்சுக் கிடந்த இரவுக்கு அடுத்த விடியல்தான் ஆளை இறுக்கும். இஞ்சத்தை ஜனவரி வெய்யில் கடன்காரன்ர சிரிப்பு மாதிரி. பல்லு மட்டும்தான் தெரியும்.

துள்ளுறவன் ஒரு பக்கமெண்டால் பயப்பிடுறவன் மற்றப் பக்கம். ரேடியோவில 15 சென்ரிமீற்றர் எண்டு சொன்னால் காணும், கடையில பாணும் இல்லை, பாலும் இல்லை. ஏன், மூண்டு மாசம் கதவடைச்சுக்கொண்டு கிடக்கப் போறியளோ? 1999 ஜனவரியில ரொறன்ரோவில 118 சென்ரிமீற்றர் கொட்டினது. மேயர் மெல் லாஸ்ட்மன் ஆமியையே கூப்பிட்டிட்டார். கனடாவில மற்ற ஊர்ச் சனம் இண்டைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்குது. எங்கட சனத்தை யோசிச்சுப் பார். ஆமி வருது எண்டு பெட்டி முடிச்சோட ஓடி இஞ்ச வந்து சேர்ந்ததுகள். இஞ்ச பார்த்தால் ஆமி சவலோட வந்து தெரு வழிக்குது! அந்தப் பகிடி எங்களுக்கெல்லோ முழுசா விளங்கும்?

நீ ஆமியைப் பாராதை. நீயே சவலை எடு. ஸ்னோ எண்டால் இலவம் பஞ்செண்டு நினைச்சியோ? இறுகின ஈர ஸ்னோ ஒரு கன மீற்றர் 300 கிலோவும் வரும். தூக்காதை, தள்ளு. தூக்கத்தான் வேணுமெண்டால் முழங்காலை மடி, முதுகை மடியாதை. ஜிம்முக்கு மாசம் மாசம் காசு கட்டி இரும்பு தூக்குறவன், தன்ர வாசல் வழிக்க ஆள் பிடிக்கிறான். உது என்ன கணக்கடா?

காரை ஸ்ராட் பண்ண முதல் பின்னுக்குப் போய்ப் புகைக்குழாயைப் பார். ஸ்னோ அடைச்சுக் கிடந்தால் புகை உள்ளுக்கு வரும். அதில வாற விஷ வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளை முடிச்சுப்போடும். இது மட்டும் பகிடி இல்லை, மோனை.

நீ வேர்த்து விறுவிறுத்து வழிச்சு முடிக்கத்தான் தெரு தள்ளுற வண்டி வரும். உன்ர வாசலுக்குக் குறுக்கால ஒரு வரம்பு கட்டிப்போட்டுப் போகும். திட்டாதை. ஊரில வரம்பு கட்டக் கூலி குடுத்தனாங்கள். இஞ்ச சும்மா கட்டித் தாறான், வேண்டாமோ?

கடைசியா ஒண்டு. வயசு போனவை, நெஞ்சு வருத்தக்காரர் சவலைத் தொடக் கூடாதெண்டு டொக்டர்மார் வருசா வருசம் சொல்லுகினம். குளிருக்கு இரத்தக் குழாய் சுருங்குமாம், பாரம் தூக்க இதயம் தாங்காதாம். படிச்சவை சொன்னால் நான் கேக்கிற ஆள். அதால, உன்ர வாசல் முடிஞ்சதும் இஞ்சால ஒருக்கா வா. சவல் கராஜ் கதவோட சாத்திக் கிடக்கு. பின்ன என்ன, இவ்வளவு புத்தியும் சும்மாவோ சொன்னனான்?