கிளி சரியாகத்தான் பேசுகிறது

விமானப் பராமரிப்புக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். காக்பிட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு, "டிரான்ஸ்பாண்டர்ல 7-ல ஆரம்பிக்காம ஏதாவது நாலு நம்பர் வைப்பா" என்றார் சீனியர். ஆசை யாரை விட்டது? என் பிறந்த வருஷமான 1989-ஐ வைக்கப் பார்த்தேன். 1 வந்தது. 9 வரவில்லை. குமிழைத் திருகத் திருக 7 வரை போய், மறுபடி 0-வுக்கே வந்து நின்றது. "சார், குமிழ் ரிப்பேர்!" என்று கத்தினேன்.

"அதுல 8-ம் கிடையாது, 9-ம் கிடையாது" என்று கீழிருந்து பதில் வந்தது. கூடவே இரண்டு பேர் சிரிக்கிற சத்தமும்.

விமானத்தில் நான் கண்டுபிடித்த முதல் பழுது அது. பழுது எங்கே இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. இதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த பழுதுகளில் பாதி இந்த ரகம்தான்.

டிரான்ஸ்பாண்டர் என்பது கேட்டால் பதில் சொல்லும் பெட்டி. இரண்டாம் உலகப் போரில் இதன் மூதாதைக்குப் பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர் கிளி. இன்றும் கட்டுப்பாட்டு அறையினர் ஓர் எண்ணை வைக்கச் சொல்லும்போது, கிளி கத்துவதற்கான ஆங்கிலச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். தரையிலிருக்கும் ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் இரண்டு துடிப்புகளை அனுப்பும். அவற்றுக்கிடையே 8 மைக்ரோவினாடி இடைவெளி இருந்தால் 'உன் எண் என்ன?' என்று அர்த்தம். 21 மைக்ரோவினாடி என்றால் 'எவ்வளவு உயரத்தில் இருக்கிறாய்?' கிளி 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். பதிலின் முனைக்கொன்றாக இரண்டு காவல் துடிப்புகள், நடுவில் 12 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் துடிப்பு இருக்கும், அல்லது இருக்காது. கணக்குப் போட்டால் 4096 விதம். மூன்று மூன்று இடமாகப் பிரித்தால் நான்கு இலக்கம், ஒவ்வொன்றும் 0 முதல் 7 வரை. என் பிறந்த வருஷத்துக்கு அங்கே இடமில்லாமல் போன கதை இதுதான். 7-இல் ஆரம்பிக்காதே என்றதற்கும் காரணம் உண்டு: 7500 கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 அவசரம்.

எங்கள் கையிலிருக்கும் டெஸ்ட் செட், ரேடார் வேஷம் போடும் சின்னப் பெட்டி. கிளியிடம் கேள்வி கேட்டு, பதிலின் அலைவரிசை, சக்தி, துடிப்பின் அகலம், இடைவெளி எல்லாவற்றையும் அளந்து காட்டும். எவ்வளவு மெல்லிய குரல்வரை கிளியின் காதில் விழுகிறது என்றும் பார்க்கும். அமெரிக்க விதிப்படி 24 மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை ஆகியிருக்க வேண்டும்.

முதன்முதலாகத் தனியாகச் சோதித்த இரவு, கிளி வாயே திறக்கவில்லை. பெட்டியைக் கழற்றினேன். ஸ்டோரிலிருந்து வேறொன்று வாங்கி மாட்டினேன். அதுவும் ஊமை. இரண்டு பெட்டியும் ஒரே நாளில் செத்திருக்கின்றன என்று முடிவு கட்டி, மூன்றாவது பெட்டிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது சீனியர் வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"விமானம் தரையில நிக்குதுன்னு அதுக்குத் தெரியும் தம்பி. உனக்குத்தான் தெரியல."

சக்கரத்தில் பாரம் இருக்கும்வரை, மோட் எஸ் என்ற வகை டிரான்ஸ்பாண்டர் பொதுவாகக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாது. தன் 24 பிட் முகவரியைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் பேசும். நிறுத்திவைத்த விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினால் ரேடாருக்குத் தலைவலி. சோதிக்கிறவன்தான் 'நீ பறந்துகொண்டிருக்கிறாய்' என்று அதை நம்பவைக்க வேண்டும். நான் கழற்றிய பெட்டி பணிமனைக்குப் போய், ஒரு மாதம் கழித்து 'பழுது ஏதுமில்லை' என்ற சீட்டோடு திரும்பியது. பழுது யாரிடம் என்று எழுத அந்தச் சீட்டில் கட்டம் இல்லை. பிழைத்தேன்.

நம்பவைக்கக் கற்றுக்கொண்ட பிறகு அளவுக்கு மீறி நம்பவைத்தேன். உயரச் சோதனைக்கு, விமானத்தின் காற்றழுத்தத் துளைகளில் குழாய் மாட்டிக் காற்றை உறிஞ்சுவோம். அழுத்தம் குறையக் குறைய, நின்ற இடத்திலேயே விமானம் 'நான் 5000 அடியில், 10,000 அடியில்' என்று சொல்லும். அந்தப் பேச்சு வெளியே போகாதபடி ஆன்டெனாவின் மேல் கப்ளர் என்ற மூடியைப் போட வேண்டும். நான் போடவில்லை. பம்பில் கை வைத்தபோது சீனியர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மேலே போகும் விமானங்களில் மோதலைத் தவிர்க்க இருக்கும் டிகாஸ் கருவியும் இதே உயரக் கேள்வியைத்தான் கேட்கிறது. இல்லாத விமானம் ஒன்று பக்கத்தில் ஏறி வருவதாக அது நம்பி, விமானியை 'ஏறு, இறங்கு' என்று விரட்டிவிடும். உலகில் அப்படி நடந்தும் இருக்கிறது. அன்று அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாவது கதை வெறும் கேபிள். ஜெட் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் 125 வாட்டுக்குக் குறையவும் கூடாது, 500-ஐத் தாண்டவும் கூடாது. எனக்கு 110 வந்தது. பெட்டி வீக் என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். டெஸ்ட் செட்டின் கேபிளிலேயே 'இழப்பு இத்தனை டெசிபல்' என்று ஒரு சின்ன அட்டை தொங்கும். அந்த எண்ணை டெஸ்ட் செட்டுக்குச் சொல்ல வேண்டும். மூன்று டெசிபல் என்றால் பாதி சக்தி கேபிளிலேயே போய்விட்டது என்று பொருள். நான் போட்டிருந்தது பூஜ்யம். சரியான எண்ணைப் போட்டதும் 110 வாட் 200-ஐத் தாண்டியது. விமானத்துக்கு என்னால் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

கடைசிக் கதைதான் கொஞ்சம் வலிக்கும். சோதிக்கிற பெட்டியையும் யாராவது சோதிக்க வேண்டுமே. குறித்த காலத்துக்கு ஒருமுறை அது கேலிபரேஷனுக்குப் போகும். ஆய்வகத்தில் அதைவிட நுட்பமான கருவியோடு ஒப்பிடுவார்கள். அந்தக் கருவியை அதற்கும் மேலான ஒன்றோடு ஒப்பிட்டிருப்பார்கள். இப்படியே படியேறினால் நம் நாட்டில் அது புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். இத்தனை பெரிய பரம்பரைக்கும் எங்கள் பெட்டியில் இருக்கும் அடையாளம், அடுத்த தேதி எழுதிய ஒரு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரின் மேல்தான் நான் தினமும் கட்டைவிரலை வைத்துப் பெட்டியைத் தூக்கியிருக்கிறேன். தேதி முடிந்து ஒன்பது நாள் ஆன பிறகுதான் விரலை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒன்பது நாளில் கையெழுத்துப் போட்ட மூன்று விமானங்களையும் மறுபடி தேடிப் பிடித்துச் சோதித்தோம். மூன்றும் சரியாகவே இருந்தன. எனக்கு அது ஆறுதலாக இல்லை.

இப்போது நானும் சீனியர். 'மாற்றவும்' என்று எழுதும் முன் ஸ்டிக்கர், கேபிள், கப்ளர், சக்கரம் என்று நான்கையும் விரல் விட்டு எண்ணிக்கொள்கிறேன். போன வாரம் பெட்டியைச் சார்ஜில் போட மறந்து, பாதிச் சோதனையில் திரை அணைந்தது. அதை ஐந்தாவது விரலில் சேர்த்திருக்கிறேன்.

அடுத்த முறை 'தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்' என்று அறிவித்தால் பயப்படாதீர்கள். சில நாள் அந்தக் காரணம் விமானத்துக்குள் இருக்காது. கையில் பெட்டியோடு கீழே நின்றுகொண்டிருக்கும்.